லீக்-ஆஃப் பாட்டில் செட்: ஐட்லிங் ஆடுற டீசல் வண்டிக்கு வாங்கலாமா?

காமன் ரயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ரயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் பிரஷரில் டீசல் போகிற வகை) ஐட்லிங்கில், அதாவது நின்றபடி எஞ்சின் ஓடும்போது, ஆடுது, சைலன்சர்ல புகை தள்ளுது என்று பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் வரும் முதல் பதில் இது: "நாலு இன்ஜெக்டரையும் கழட்டி பம்ப் கடைக்கு அனுப்பிடலாம்." கழட்டுகிற கூலி, டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுது பார்க்கிற அந்தக் கடையில் ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் கூலி, புது செப்பு வாஷர், வண்டி நிற்கிற நாளுக்கு வாடகை நஷ்டம். இவ்வளவும் ஆன பிறகு "மூணு நல்லாத்தான் இருக்கு, ஒண்ணுதான் போயிருக்கு" என்பார்கள். சில சமயம் நாலுமே நன்றாக இருக்கும். கோளாறு ஏர் எடுக்கிற ஒரு டீசல் ஹோஸில் இருந்திருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தெளிக்காமல் திருப்பி அனுப்புகிற டீசலை (ரிட்டர்ன், அதாவது லீக்-ஆஃப்) தனித்தனிக் குழாயில் பிடித்து, எந்த இன்ஜெக்டர் கசிகிறது என்பதைக் கழட்டாமலே காட்டுகிற சாமான்தான் இந்த லீக்-ஆஃப் பாட்டில் செட். அந்த ஒரு கேள்விக்கு இதைவிட மலிவான பதில் கிடையாது. ஆனால் இது பதில் சொல்வது அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான். அதை மறந்து வாங்கினால் காசு வீண்.

ஆன்லைனில் பிராண்டு பெயர் இல்லாமல் விற்கிற செட்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் நாலோ ஆறோ, அவற்றை வரிசையாக நிறுத்தும் தாங்கி, பானட்டில் தொங்கவிட ஒரு கொக்கி, உள்ளே ஓடுவது தெரிகிற ஹோஸ்கள், போஷ், டெல்ஃபி, டென்சோ, சீமென்ஸ் இன்ஜெக்டர்களுக்குத் தனித்தனி அடாப்டர்கள், வண்டியின் ரிட்டர்ன் லைனை அடைக்கிற மூடிகள். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

முதலில் ரிட்டர்ன் ஏன் வருகிறது என்பது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் டீசலைப் பார்த்ததுமே இன்ஜெக்டர் போச்சு என்று முடிவு கட்டிவிடுவோம். இன்ஜெக்டர் தலைக்குள் ஒரு சின்ன அறை இருக்கிறது. ரயில் பிரஷர் அந்த அறையிலும் நிற்பதால் ஊசி கீழே அழுந்தி மூடியிருக்கும். ஈ.சி.யூ. (எஞ்சினை இயக்குகிற கம்ப்யூட்டர்) காயிலுக்குக் கரண்ட் கொடுத்ததும் மேலே உள்ள குண்டு வால்வு தூக்கும், அறையில் பிரஷர் இறங்கும், ஊசி எழும்பி டீசல் தெளிக்கும். அறையிலிருந்து வெளியேறுகிற அந்த டீசல்தான் ரிட்டர்ன். ஆக, நல்ல இன்ஜெக்டரிலும் ரிட்டர்ன் வரும், வரவும் வேண்டும். தண்ணீரும் தூசும் போய்க் குண்டு உட்காருகிற சீட்டை அரித்துவிட்டால் வால்வு மூடியிருக்கும்போதும் கசிய ஆரம்பிக்கும். கசிவைத் தாண்டிப் பிரஷர் கட்ட பம்ப் வேகமாகச் சுற்றியாக வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் மெதுவாகத்தான் சுற்றும். பிரஷர் ஏறாது, ஸ்டார்ட்டிங் இழுக்கும். ஐட்லிங்கில் 250, 300 பார் என்று அசையாமல் நிற்க வேண்டிய பிரஷர் ஏறி இறங்கும். ரோட்டில் போகும்போது பம்ப் வேகம் கூடி அந்தக் கசிவை ஈடுகட்டிவிடும். "ஓட்டத்துல ஒண்ணும் தெரியல, நின்னாத்தான் ஆடுது" என்று டிரைவர் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். பாதி நோய் அதிலேயே இருக்கிறது. புகையும் இங்கிருந்தே வரலாம். சீட் தேய்ந்த இன்ஜெக்டரில் அறைப் பிரஷர் குறைவாக நிற்பதால் ஊசி முன்னதாக எழும்பி, நேரம் கழித்து உட்காரும். கேட்டதைவிடக் கூடுதல் டீசல் இறங்கும். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் இடித்துக் கரும்புகை விடும்.

மாட்டும் முறைக்குப் போகும் முன் ஓர் எச்சரிக்கை. மைக்கோ பம்ப் (காமன் ரயிலுக்கு முந்தைய இன்லைன் டீசல் பம்ப்) காலத்து வழக்கத்தில், எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். இன்லைன் பம்ப் வண்டிக்கு அது சரியான முறை. காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. நூற்றுக்கணக்கான பாரில் பீய்ச்சும் டீசல் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். பாட்டில் செட்டில் கை வைப்பது ரிட்டர்ன் பக்கம் மட்டும். அங்கே பிரஷர் சொற்பம். இந்த செட்டின் பெரிய நன்மைகளில் அதுவும் ஒன்று.

டெஸ்ட் சரியாக வர எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். கூலன்ட் 70, 80 டிகிரி வந்திருக்கட்டும். குளிர்ந்த டீசல் கெட்டியாக இருக்கும், கசிவைக் குறைத்துக் காட்டும். டீசல் ஃபில்டர் பழசாக இருந்தால் முதலில் மாற்றி, அடியில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். இன்ஜெக்டர் தலைகளைச் சுற்றி ஏர் அடித்துத் தூசியை விரட்டிய பிறகுதான் ரிட்டர்ன் கிளிப்பில் கை வைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, கிளிப்பை எடுத்து, ரிட்டர்ன் நிப்பிளை நேராக மேலே இழுங்கள். கோணலாக இழுத்தால் பிளாஸ்டிக் உடையும். உள்ளே ஓ-ரிங் தங்கிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். அடாப்டரைப் போட்டு அதே கிளிப்பை மாட்டுங்கள். வண்டியின் ரிட்டர்ன் லைனில் திறந்து கிடக்கும் முனைகளை மூடியால் அடைக்க வேண்டும். பல வண்டிகளில் பம்பின் ரிட்டர்னும் அதே லைனில் சேர்வதால், அடைக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் சூடான எஞ்சின் மேலேயே டீசல் கொட்டும். தாங்கியை நிமிர்ந்தாற்போல் தொங்கவிடுங்கள். சாய்ந்திருந்தால் அளவுக்கோடு பொய் சொல்லும்.

எல்லாரும் தவறுகிற இடம் இனிமேல்தான். ஸ்டார்ட் பண்ணியதும் முதலில் வருகிற டீசல் ஹோஸை நிரப்பத்தான் போகும். ஹோஸ் நீளம் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால், நீள ஹோஸ் மாட்டிய இன்ஜெக்டர் 'நல்லது' போலத் தெரியும். அதனால் முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஹோஸ் எல்லாம் நிரம்பிக் குழாய்க்குள் சொட்ட ஆரம்பித்ததும் எஞ்சினை நிறுத்தி, குழாய்களைக் காலி பண்ணிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து மணி பார்த்து அளக்க வேண்டும். ஐட்லிங்கில் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

கம்பெனி மேனுவலில் அந்த எஞ்சினுக்கு அளவு கொடுத்திருந்தால் அதுவே கடைசி வார்த்தை. மேனுவல் கையில் இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு 1, 2, 4 மூன்றும் 30 மில்லியைச் சுற்றி நிற்க, 3 மட்டும் 90-ஐத் தொட்டால் விசாரணை முடிந்தது. மற்றவற்றைப் போல் இரண்டு மடங்கு வந்தாலே சந்தேகம். மூன்று மடங்கு என்றால் கழட்டிவிடலாம். 30-க்கு 38 வந்ததை வைத்துக்கொண்டு இன்ஜெக்டர் மாற்றச் சொல்பவர்களிடம் ஜாக்கிரதை. அவ்வளவு வித்தியாசம் நல்ல செட்டிலேயே இருக்கும்.

நாலும் சமமாக, ஆனால் அதிகமாக வந்தால் மொத்தமாகத் தேய்ந்த செட். ஓடி ஓடித் தேய்ந்த வண்டியில் இதுதான் அதிகம் பார்க்கக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஆட்டம் போகாது. ஒரு குழாயில் மட்டும் டீசலே வராவிட்டால், அந்த இன்ஜெக்டர் நல்லது என்று அர்த்தமில்லை. அதன் வால்வு தூக்கவே இல்லை என்று அர்த்தம். கனெக்டர், வயரிங், காயில் என்று பாருங்கள். வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை, செல்ஃப் அடித்தும் எந்தக் குழாயிலும் எதுவும் வரவில்லை என்றால் இன்ஜெக்டர்களை விட்டுவிட்டுப் பம்ப், ஃபில்டர், ஏர் பக்கம் திரும்புங்கள். செல்ஃப் சுற்றுக்கே ஒரு குழாய் மட்டும் நிரம்பினால் பிரஷரைத் தின்கிறவன் அவன்தான்.

செட்டோடு வருகிற ஹோஸுக்கு இன்னொரு பயன் உண்டு. பெட்டி மேல் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு துண்டை வெட்டி, ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற லைனில் இடையே போட்டுவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். டீசல் கோடு தெளிவாக ஓட வேண்டும். சோடா பாட்டிலில் மாதிரி குமிழி குமிழியாக ஓடினால் டேங்கிலிருந்து ஃபில்டர் வரையிலான பாதையில் எங்கோ ஏர் எடுக்கிறது: வெடித்த ரப்பர் ஹோஸ், ஃபில்டர் ஹவுசிங் ஓ-ரிங், தளர்ந்த பான்ஜோ போல்ட், கைப்பம்பின் வாஷர். இந்தக் கோளாறில் டீசல் வெளியே சொட்டாது. இழுக்கிற பக்கம் என்பதால் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ராத்திரி நின்று காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஐட்லிங்கில் ஒழுங்கில்லாத ஆட்டம் இரண்டும் சேர்ந்து வந்தால் பாட்டில் மாட்டும் முன் இதைப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

புகை விஷயத்தில்தான் செட்டின் எல்லை தெரிகிறது. ரிட்டர்ன் அளவு குண்டு வால்வையும் ஊசி வழியையும் பற்றி மட்டுமே பேசும். டீசல் தெளிக்கிற வாயான நாசில் நுனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. நுனி எரிந்து துளை பெரிசாகி, டீசல் பனிமாதிரி தெளிப்பதற்குப் பதில் சொட்டு சொட்டாக ஒழுகினாலும் ரிட்டர்ன் அருமையாக இருக்கும். அதற்குப் பம்ப் கடை டெஸ்ட் பெஞ்ச்தான் வழி. அப்படி ஒழுகுகிற நாசில், காலையில் முதல் ஸ்டார்ட்டில் கண்ணை எரிக்கிற வெண்புகையும் சூடான பின் கரும்புகையும் விடும். நாளாக ஆக பிஸ்டன் தலையையே ஓட்டை போடும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லா சிலிண்டரிலும் சமமாகக் கரும்புகை என்றால் இன்ஜெக்டரைத் தொடும் முன் காற்றைப் பாருங்கள். ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், திறந்தபடி மாட்டிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது). ஹோஸின் அடிப்பக்கத்தில் கருப்பு எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கேதான் வெடிப்பு. ரேஸ் பண்ணும்போது 'உஸ்' சத்தமும் கேட்கும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. டர்போ சீல், ரிங், வால்வு சீல், அடைத்துப்போன பிரீதர். இதற்கு இந்த செட்டால் ஒரு பைசா உபயோகமில்லை.

வெண்புகையில் இரண்டு வகை உண்டு. எரியாத டீசல் புகை கனமாக இருக்கும், கண்ணையும் மூக்கையும் எரிக்கும், சட்டென்று கலையாது. கூலன்ட் ஆவி லேசாகத் தித்திப்பாய் மணக்கும், சீக்கிரம் கலையும். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வரும். முதலாவது வந்து ரிட்டர்னும் சமமாக இருந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் போதாவிட்டால் சூடு போதாது, தெளித்த டீசல் எரியாமலே வெளியே வரும். சிலிண்டருக்கு சிலிண்டர் மூன்று நாலு பார் வித்தியாசம் இருந்தாலே ஐட்லிங் ஆடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் நீராவி ரயில்வண்டி மாதிரி 'குபுக் குபுக்' என்று புகை வந்தால் கம்ப்ரஷன் குறைவு என்ற சந்தேகம் வலுக்கும்.

ஈ.சி.யூ.வில் உள்ள எண்களைப் படிக்கிற ஸ்கேனர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேனர் சிலிண்டர் வாரியான திருத்த அளவைக் காட்டும். மூன்றாவது சிலிண்டரில் கூட்டல் எண் பெரிசாக இருந்தால், அந்த சிலிண்டர் மெலிந்திருக்கிறது, ஈ.சி.யூ. கூடுதல் டீசல் கொடுத்துத் தூக்கி நிறுத்துகிறது என்று பொருள். மெலிந்தது இன்ஜெக்டரால் என்றாலும் கம்ப்ரஷனால் என்றாலும் திரையில் ஒரே எண்தான் வரும். கழித்தல் எண் பெரிசாக இருந்தால் அதிகமாகத் தெளிக்கிற இன்ஜெக்டர் மேல் சந்தேகம் போகும். இந்த எண்களைப் பாட்டில் அளவோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் தெளிவு வருகிறது. ஸ்கேனரும் அதே சிலிண்டரைக் காட்டி, பாட்டிலும் அதையே காட்டினால் தைரியமாகக் கழட்டலாம். ஸ்கேனர் மூன்றைக் காட்ட, பாட்டில் நாலும் சமம் என்றால் மூன்றின் கம்ப்ரஷன், அல்லது அதன் நாசில் நுனி. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ரயில் பிரஷரையாவது காட்டுகிற மலிவான ஸ்கேனர் ஒன்று ஏற்கெனவே இருக்கும் பட்டறைக்கு இந்த செட் நல்ல துணை. அதுவும் இல்லாத இடத்தில் ஸ்கேனரை முதலில் வாங்குங்கள்.

எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதைப் பெட்டியில் ஒழுங்காகப் போடுவதில்லை. இது பெரிய குறை. இன்ஜெக்டர் தலையில் வெளியே ரிட்டர்ன் நிப்பிள் தெரிகிற எஞ்சின்களுக்குத்தான் இது: பிக்கப், சின்ன, நடுத்தர வண்டிகளில் பெரும்பாலானவை. அசோக் லேலண்ட் தோஸ்த்தின் மூன்று சிலிண்டர், மஹிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் காமன் ரயில் மாதிரியான எஞ்சின்களைப் பார்க்கும் பட்டறைக்குக் காசு சீக்கிரம் திரும்பி வரும். டாடா கம்மின்ஸ் 5.9 லிட்டர் காமன் ரயில் போன்ற கனரக எஞ்சினுக்கு இந்த செட் ஆகாது. அங்கே ஹெட்டுக்குள் பக்கவாட்டில் வரும் கனெக்டர் ட்யூப் வழியாகத்தான் டீசல் இன்ஜெக்டருக்குப் போகிறது; ரிட்டர்னும் ஹெட்டுக்குள்ளேயே ஒன்றாகச் சேர்ந்து ஒரே வழியாக வெளியே வரும். எஞ்சினை நிறுத்தி, ரயிலில் ஒவ்வொரு பைப் வாயாக அதற்கென்று உள்ள மூடி போட்டு அடைத்து, எதை அடைத்தபோது மொத்த ரிட்டர்ன் சட்டென்று குறைகிறது என்று பார்ப்பதுதான் அங்கே முறை. அப்போதும் இன்ஜெக்டர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். கனெக்டர் ட்யூப் நட்டு சரியான டார்க்கில் (இறுக்கத்தில்) இல்லாவிட்டாலோ அதன் முனை நசுங்கியிருந்தாலோ இதே அளவு டீசல் ரிட்டர்னுக்குப் போகும். மைக்கோ இன்லைன் பம்ப் வண்டிகளுக்கும் இந்த செட் தேவையில்லை. பீசோ இன்ஜெக்டர் (காயிலுக்குப் பதில் பீசோ படிகத்தால் இயங்குவது) வந்த எஞ்சின்களில் ரிட்டர்ன் லைனிலேயே கொஞ்சம் பிரஷர் நின்றால்தான் இன்ஜெக்டர் வேலை செய்யும் வகை இருக்கிறது. திறந்த பாட்டிலில் விட்டால் அளவு தப்பாக வரும்.

பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிப்படி வந்த) வண்டிகளில் இன்னொரு சிக்கல். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றில் சைலன்சர் பாதையில் உள்ள டி.பி.எஃப். என்ற ஃபில்டர் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், இன்ஜெக்டர் மோசமாக இருந்தாலும் சைலன்சரில் கரும்புகை தெரியாது. அதற்குப் பதில் ரீஜெனரேஷன் (பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) அடிக்கடி வரும், டி.பி.எஃப். விளக்கு எரியும். டி.பி.எஃப்.-ஐ மட்டும் சுத்தம் பண்ணி அனுப்பினால் சில வாரத்தில் வண்டி திரும்ப வந்து நிற்கும். அந்த மாதிரி வந்த வண்டிக்கு பாட்டில் மாட்டிப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

சாமானின் தரத்துக்கு வருவோம். அடாப்டரும் தாங்கியும் போதுமான தரம். அளவுக்கோடு அச்சடித்த செட்டை வாங்காதீர்கள். டீசல் பட்டுத் துடைத்தால் சில மாதத்தில் கோடு அழியும். வார்ப்பிலேயே கோடு புடைத்திருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஹோஸ்கள் டீசல் குடித்துக் குடித்து விறைத்துக் குச்சி மாதிரி ஆகி, அடாப்டர் வாயில் வெடிக்கும். வேலை முடிந்ததும் வடித்துத் துடைத்து வைத்தால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அடாப்டர் ஓ-ரிங்குகளை முதல் நாளே டீசல் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது உத்தமம். கூட வருபவை ஊதிப்போய் உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். ஆறு குழாய் செட்டுக்கும் நாலுக்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை, ஆறையே வாங்குங்கள். ஒன்றிரண்டு உடைந்தாலும் வேலை நிற்காது.

கசிகிற இன்ஜெக்டர் தெரிந்த பிறகு அவசரப்படாமல் செய்ய வேண்டியது மூன்று. கழட்டியதும் குழிக்குள் பழைய செப்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தெரியாமல் மேலே புது வாஷர் போட்டால் நாசில் உயர்ந்து நின்று, நல்ல இன்ஜெக்டரே புகை விடும். வாஷரின் தடிமன் பழையதற்குச் சமமாக இருக்கட்டும். இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணைப் போட்டோ எடுத்து, எந்த சிலிண்டரில் எது உட்கார்ந்தது என்று எழுதி ஈ.சி.யூ.வில் ஏற்றச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் புது இன்ஜெக்டர் போட்டும் ஐட்லிங் ஆடும், பழி மறுபடி பம்ப் கடை மேல் விழும். பெஞ்சில் டெஸ்ட் பண்ணக் கொடுத்தால் 'ஓகே' என்ற வாய் வார்த்தையோடு திரும்பாமல், ஐட்லிங், பாதி லோடு, முழு லோடு மூன்றிலும் தெளித்த அளவும் ரிட்டர்ன் அளவும் அச்சடித்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.